தண்ணிக்குள்ள சுழியோடி மேயுற தாரா – ஸ்கார்பரோ ஏரிக்கரையில கண்டது, தெரிஞ்சாக்கள் விளக்கம் சொல்லுங்கோ

சுண்டிக்குளத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கனடாவில, டொரன்டோ நகரத்து ஸ்கார்பரோவில இருக்கிறன். போன சனிக்கிழமை காலமை மகளையும் கூட்டிக்கொண்டு பிளஃபர்ஸ் பார்க் பக்கம் போனனான், சரியான குளிர், படகுகள் கட்டுற இடமெல்லாம் ஐஸ் பிடிச்சுக் கிடக்கு, ஐஸ் முடியிற விளிம்பில மட்டும் கொஞ்சம் தண்ணி. அதுக்குள்ள ஒரு சின்னத் தாரா, எங்கட வீட்டுத் தாராவில பாதி கூட வராது, கறுப்பும் வெள்ளையும், தலைக்குப் பின்னால தொப்பி வச்ச மாதிரி பெரிய வெள்ளைத் திட்டு. பாத்துக்கொண்டு நிக்கேக்க சடாரெண்டு காணேல்ல. மகள் பயந்து போனாள், செத்துப் போச்சோ அப்பா எண்டு கேட்டாள். பேந்து பத்து அடி தள்ளி நெட்டி மாதிரி மேல வந்து நிண்டுது. வந்து ரெண்டு மூச்சு விடேல்ல, திரும்பவும் உள்ள.

அதோட இன்னும் ரெண்டு வகை. ஒண்டுக்கு மஞ்சள் கண், கன்னத்தில வட்டமா ஒரு வெள்ளைப் பொட்டு. மற்றது தூரத்தில பெரிய கூட்டமா நிண்டுது, நீட்டு வால், அதுகள் ஒண்டையொண்டு கூப்பிடுற சத்தம் கரை வரைக்கும் கேட்டுது. இந்தக் குளிருக்குள்ள தண்ணிக்குக் கீழ போய் என்னத்தைத் தின்னுதுகள்? எப்பிடி விறைக்காமல் இருக்குதுகள்? எங்கட தாரா தலையை மட்டும் தானே தண்ணிக்குள்ள விடும், இதுகள் அந்தக் குடும்பம் தானோ?

வடுவூர்_பைனா:
அண்ணே, நீங்க சொன்ன அடையாளமே போதும். தலைக்குப் பின்னால வெள்ளைத் திட்டு இருக்குறது பஃபிள்ஹெட் ஆண். மஞ்சக் கண்ணும் கன்னத்துல பொட்டும் கோல்டன்ஐ. தூரத்துல சத்தம் போட்டது லாங் டெயில்ட் டக், அது ஆர்க்டிக் தூந்திரால குஞ்சு பொரிச்சிட்டு குளிர்காலத்துக்கு ஒன்டாரியோ ஏரிக்கு ஆயிரக்கணக்குல வரும். நான் இதுல ஒண்ணைக்கூட நேர்ல பாத்ததில்ல, கொடுத்து வச்சவர் நீங்க.

எல்லாமே வாத்துக் குடும்பம்தான், ஆனா மேயுற விதம் வேற. நம்ம வீட்டு வாத்து, புள்ளி மூக்கு வாத்து, ஊசிவால் வாத்து இதெல்லாம் தலைய உள்ள விட்டு வாலைத் தூக்கிட்டு நிக்கும், கழுத்து எட்டுற வரைக்கும்தான் சாப்பாடு. முங்குற வாத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது, முழு உடம்பும் உள்ள போயிரும். அதுக்கேத்த மாதிரி காலு உடம்புக்குப் பின்னாடி தள்ளி இருக்கும், பாதம் பெருசு, பின் விரல்லகூட துடுப்பு மாதிரி ஒரு சவ்வு மடல் உண்டு. கப்பலைத் தள்ளுற காத்தாடி பின்னாடிதானே இருக்கு, அதே கதைதான். ஆனா தரையில நடக்க விட்டா பாவம், நெஞ்ச நிமித்திட்டு தட்டுத் தடுமாறி நடக்கும்.

தூரத்துலேர்ந்து கண்டுபிடிக்க ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு வால், மேலாப்புல மேயுறது வாலை தண்ணிக்கு மேல தூக்கி வச்சிருக்கும், முங்குறது வால் தண்ணியோட தண்ணியா படிஞ்சி கெடக்கும். ரெண்டாவது பறக்குறப்ப, சாதா வாத்து நின்ன எடத்துலேர்ந்து அப்படியே எவ்வும், இது தண்ணி மேல தபதபன்னு கொஞ்ச தூரம் ஓடித்தான் எழும்பும், உடம்பு கனம், ரெக்கை சின்னது.

கீழத்தெரு_மல்லிகா:
எங்க ஊர் குளத்துலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குங்க, உருண்டையா பழுப்பு கலர்ல, கிட்ட போனா முங்கிரும், எங்க எந்திரிக்கும்னே சொல்ல முடியாது. சின்னப் புள்ளைல இருந்து அதை வாத்துக் குஞ்சுன்னுதான் நெனச்சிட்டு இருக்கேன். இதுவும் அந்த வகைதானா?

வடுவூர்_பைனா:
அக்கா அது முக்குளிப்பான். வாத்தே இல்ல. அலகைப் பாருங்க, ஊசி மாதிரி கூரா இருக்கும், வாத்துக்கு தட்டையா இருக்கும். கால்லயும் வாத்து மாதிரி முழு சவ்வு கிடையாது, விரலுக்கு விரல் தனித்தனியா இலை மாதிரி மடல். முங்குறதெல்லாம் வாத்து இல்ல, நீர்க்காகம் முங்குது, நெத்தில வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழியும் முங்குது, எல்லாம் வேற வேற குடும்பம், ஒரே தொழில். வீட்டு வாத்தும் அதோட சொந்தமும் முங்காது, இதை மட்டும் ஞாபகம் வச்சிக்கிட்டா போதும்.

சுண்டிக்குளத்தான்:
நன்றி தம்பி. எங்கட ஊரில வாத்து எண்டு சொல்லுறது குறைவு, தாரா எண்டு தான் சொல்லுறது. பாம்புத்தாரா எண்டு ஒண்டு இருக்கல்லோ, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியில தெரியும், அதுவும் அப்ப தாரா இல்லையோ?

இன்னொண்டு, நீங்கள் முங்குறது எண்டு எழுதுறியள், நாங்கள் சுழியோடுறது எண்டு சொல்லுவம். கடலுக்கடியில போய் சங்கு எடுக்கிற ஆக்களை சுழியோடியள் எண்டு தான் சொல்லுறது. இந்தச் சின்னனைப் பாக்கேக்க எனக்கு அந்தச் சொல் தான் வந்தது. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அடியில போறது, தேடி எடுக்கிறது, மேல வாறது, திரும்பப் போறது.

வடுவூர்_பைனா:
பாம்புத்தாரா பேருல மட்டும்தான் தாரா. மீனை ஈட்டி மாதிரி குத்திப் புடிக்கிற பறவை, நீர்க்காகத்துக்கு பங்காளி. சுழியோடி ரொம்ப அருமையான சொல்லுண்ணே, நான் இனிமே அதையே வச்சிக்கிறேன்.

வாத்துக்காரர்_பேரன்:
ஒரு திருத்தம் சொல்லணும். வீட்டு வாத்து முங்காதுன்னு மேல எழுதியிருக்கீங்க, அது முழுசா சரி இல்ல. எங்க தாத்தா அறுவடை முடிஞ்ச கழனியில வாத்து மேய்ச்சவரு, ஆரணி பக்கம், ஒரு மந்தைக்கு அறுநூறு எழுநூறு உருப்படி இருக்கும். நான் லீவுக்கு போனா கூடவே சுத்துவேன். மேல பருந்து நிழல் விழுந்தா போதும், ஒரு மாசக் குஞ்சுங்க அத்தனையும் பொட்டுன்னு தண்ணிக்குள்ள போயி ரெண்டு மூணு அடி தள்ளி எந்திரிக்கும். பெருசுங்க கூட வெயில் நேரத்துல குளிக்கும்போது ஆட்டம் மாதிரி முங்கி முங்கி எந்திரிக்கும்.

அதனால எல்லா வாத்துக்கும் முங்கத் தெரியும்னுதான் நான் சொல்லுவேன். உயிரக் காப்பாத்த முங்குறது வேற, வயித்துக்காக நாள் முழுக்க முங்குறது வேற. நம்ம ஏரிங்கள்ல இருக்குற சீழ்க்கைச் சிறகி வாத்து ரெண்டுக்கும் நடுவுல இருக்குது, அது நல்லாவே முங்கி மேயும், கவனிச்சுப் பாருங்க.

வடுவூர்_பைனா:
நான் எழுதுனது தப்புதான், ஒத்துக்குறேன். மேயுறதுக்காக முங்காதுன்னு சொல்லியிருக்கணும். சீழ்க்கைச் சிறகிய விட்டுட்டேன், அது பெரிய விடுபாடு.

லண்டன்_கோபி:
நான் வேலை பாக்குற எடத்துக்கு பக்கத்துல செயின்ட் ஜேம்ஸ் பார்க், மதிய சாப்பாட்டை எடுத்துட்டு அங்க போய்தான் உக்காருவேன். அங்க டஃப்டட் டக் நெறைய இருக்கு, ஆண் கன்னங்கரேல்னு, விலா மட்டும் பளிச்சுன்னு வெள்ளை, மண்டைக்குப் பின்னாடி தொங்குற குடுமி, மஞ்சக் கண்ணு. மனுசங்களுக்கு பழகிப் போனதால ஆறேழு அடி பக்கத்துலயே மேயும், தண்ணி தெளிவா இருக்குற நாள்ல கீழ போறதையும் பாக்கலாம்.

முங்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி உடம்பு சுருங்கும், இதை நீங்க கண்டிப்பா கவனிக்கணும். அதுவரைக்கும் புசுபுசுன்னு பந்து மாதிரி மிதந்துட்டு இருந்தது எறகையெல்லாம் உடம்போட ஒட்ட அமுக்கும், உள்ள இருக்குற காத்து வெளிய போறதுக்காக. அப்புறம் ஒரு சின்ன எவ்வு, நெஞ்சு தண்ணியை விட்டு மேல வந்து வளைஞ்சு தலைகுப்புற உள்ள போகும், வளையம் வளையமா அலை மட்டும் மிச்சம். உள்ள பாத்தா எறகு மேல ஒட்டுன காத்து வெள்ளித் தகடு மாதிரி மின்னும், ரெக்கையை மூடியே வச்சிருக்கும், ரெண்டு காலும் பின்னாடி ஒதைச்சிட்டே இருக்கும். ஒதைக்கறத நிறுத்துனா அவ்வளவுதான், தக்கை மாதிரி மேல வந்துரும். வெளிய வந்ததும் முதுகுல தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிரும், ஒரு பொட்டு நனையாது. நான் நூறு தடவை பாத்திருப்பேன், இன்னும் சலிக்கல.

சாப்பாடு பெரும்பாலும் நத்தை, சிப்பி, பூச்சிப் புழு, கொஞ்சம் செடி. சின்ன மட்டின்னா அடியிலயே ஓட்டோட முழுங்கிரும், மேல எடுத்துட்டு வந்து உடைக்கிற வேலையே கிடையாது. வயித்துல இருக்குற அரைப்பை ஓட்டை நொறுக்கிரும்.

ஏரிக்கரை_செல்வி:
நான் காலேஜ்ல விலங்கியல் எடுக்கறேன், கோபி சொன்ன இதே டஃப்டட் டக்கை வச்சு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துல செஞ்ச ஆய்வைப் பத்தி வகுப்புல சொல்றது உண்டு, அதனால இதுல கொஞ்சம் சேத்துக்கறேன். அதுக்கு முன்னாடி காலத்துல வாத்து தலையை வலுக்கட்டாயமா தண்ணில அமுக்கி வச்சு இதயத்துடிப்பைப் பாத்தாங்க, துடிப்பு ரொம்ப கீழ எறங்குச்சு, சரி முங்குற எல்லாத்துக்கும் இப்படித்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. 1970கள் கடைசில பர்மிங்ஹாம்காரங்க வாத்து உடம்புல சின்ன டிரான்ஸ்மிட்டர் வச்சு தானா முங்க விட்டுப் பாத்தா கதையே வேற. முங்கறதுக்கு முன்னாடியே துடிப்பு ஏறுது, உள்ள போனதும் கொஞ்சம் எறங்கி நீந்தறப்ப இருக்கற அளவுல நிக்குது, மேல வர்றதுக்கு சற்று முன்னாடி திரும்ப ஏறுது. வாத்துக்கு தான் எப்ப உள்ள போகப் போறோம், எப்ப வெளிய வரப் போறோம்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. அமுக்கி வச்சப்ப நாம பாத்தது இயல்பான முங்கலை இல்ல, வலுக்கட்டாயத்துக்கு அதோட உடம்பு காட்டுன எதிர்வினையைத்தான்.

இன்னொண்ணு, இதுங்களுக்கு பெரிய செலவு மூச்சை அடக்கறது இல்ல, மிதப்போட மல்லுக்கட்டறதுதான். எறகுக்குள்ளயும் நுரையீரல்லயும் காத்து இருக்கு, அது மேல தூக்கிட்டே இருக்கும், அதை எதுத்து ஒதைக்கணும். ஆழம் போகப் போக அழுத்தத்துல அந்தக் காத்து சுருங்கும், மிதப்பு குறையும். முதல் ஒரு மீட்டர் போறதுதான் ரொம்ப கஷ்டம்.

குளிருக்கு பதில்: வால் அடியில எண்ணெய்ச் சுரப்பி இருக்கு, அலகால எடுத்து எறகு பூரா பூசிக்கும், தோலுக்குத் தண்ணி போகாது. கால்ல ரத்தம் போற குழாயும் திரும்பற குழாயும் ஒட்டி ஒட்டி ஓடுது, கீழ போற சூட்டை மேல வர்ற ரத்தம் வாங்கிக்கும். பாதம் சில்லுன்னு இருக்கும், உடம்பு சூடா இருக்கும்.

சுண்டிக்குளத்தான்:
இதையெல்லாம் மகளுக்கு வாசிச்சுக் காட்டினனான், இப்ப திரும்பக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரே கரைச்சல்.

கோபி தம்பி மட்டி எண்டு சொன்னாப் போல தான் நினைவு வந்தது. இஞ்ச கரையில நடந்தால் காலுக்குக் கீழ நறநறவெண்டு உடைஞ்ச சின்னச் சிப்பி, வரி வரியா கிடக்கும். அதைத் தான் தின்னுதுகளோ?

லண்டன்_கோபி:
அதேதான், சீப்ரா மட்டி, அதோட சொந்தம் குவாகா மட்டி. ரெண்டும் கருங்கடல், காஸ்பியன் பக்கத்துச் சரக்கு, கப்பல்ல பாரத்துக்கு நிரப்புற தண்ணியோட வந்து சேந்தது. சீப்ரா மட்டியை 1988ல உங்க பக்கம் செயின்ட் கிளேர் ஏரியில முதல்ல கண்டுபிடிச்சாங்க, சில வருசத்துல பெரிய ஏரி அஞ்சுலயும் பரவிருச்சு. முங்குற வாத்துக்கு இது அடியில விரிச்சு வச்ச பந்தி. ஈரி ஏரியில லாங் பாயிண்ட்னு ஒரு எடம், மட்டி வந்ததுக்கப்புறம் அங்க தங்கிப் போற வாத்து எண்ணிக்கை கூடிருச்சு. ஐரோப்பாவுல கான்ஸ்டன்ஸ் ஏரியிலயும் இதே கதைதான். அதனால மட்டியை எல்லாரும் திட்டுறாங்க, ஆனா வாத்துக்கு நல்லதுதான் செஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது.

வடுவூர்_பைனா:
இதை நான் ஒத்துக்க மாட்டேன் கோபி. மட்டி தண்ணிய வடிகட்டித் திங்குது, தண்ணில இருக்குற கெட்டதும் அதோட சதையிலதான் சேருது. பெரிய ஏரிகள்ல மட்டி தின்ன ஸ்காப்ங்குற முங்குற வாத்துகளோட ஈரல்ல, அளவு மீறினா வெஷமாகுற செலினியம் அதிகமா இருந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க எழுதியிருக்காங்க. பந்தி பெருசுதான், எலையில என்ன விழுதுன்னு பாக்கணும்ல.

இந்த வாத்துங்களோட வாழ்க்கை தண்ணிக்கு மேல இல்ல, அடியிலதான் இருக்கு. அடியில என்ன கெடக்கோ அதுதான் உள்ள போகும். அமெரிக்காவுல கேன்வாஸ்பேக்னு ஒரு வாத்து, அதோட அறிவியல் பேரே வாலிஸ்நேரியான்னுதான் முடியும், தண்ணி மூலமா மகரந்தச் சேர்க்கைன்னு ஸ்கூல் பயாலஜில படிச்சோமே அந்த செடிதான். செசபீக் விரிகுடாவுல அந்தச் செடியோட கிழங்கைத் தோண்டித் தின்னு கொழுத்த வாத்து. தண்ணி கலங்கி வெளிச்சம் அடிவரைக்கும் போகாம செடி அழிஞ்சிச்சு, வாத்தும் கொறைஞ்சிச்சு, மிச்சம் இருந்தது சிப்பிக்கு மாறிக்கிச்சு.

வேட்டைக்காரங்க சுட்ட ஈயக் குண்டும் அடியிலதான் கெடக்குது. ஓட்டை அரைக்கறதுக்கு வாத்து சின்னக் கல்லு முழுங்கும், ஈயக் குண்டும் அதே சைஸ், கல்லுன்னு நெனச்சு முழுங்கி வெஷம் ஏறிச் செத்துச்சு. அதனாலதான் நீர்ப்பறவை வேட்டையில ஈயக் குண்டு கூடாதுன்னு அமெரிக்காவுல 1991லயும் கனடாவுல 1999லயும் தடை போட்டாங்க. தடைக்கு முன்னாடி விழுந்தது இன்னும் சேத்துல இருக்கும்.

லண்டன்_கோபி:
செலினியம் விஷயத்தை நான் யோசிக்கவே இல்ல. சரிதான் நீங்க சொல்றது. ஆனா பசிக்குற வாத்துக்கு வேற என்ன வழி இருக்குன்னும் தெரியல, அங்க பழைய அடித்தரையே போயிருச்சு.

வாத்துக்காரர்_பேரன்:
அடின்னு சொன்னதும் எனக்கு வலைதான் ஞாபகம் வருது. எங்க மாமா ஏரியில ராத்திரி செவுள் வலை போட்டுட்டு காலையில இழுப்பாரு. ஒரு தடவை நானும் பரிசல்ல போனேன். கனமா வருதே, பெரிய மீனுன்னு ஆசையா இழுத்தா ரெண்டு முக்குளிப்பான், ஒரு நீர்க்காகம், மூணும் செத்துப் போயி கழுத்துல நைலான் சுத்தி. மாமா ஒண்ணும் பேசல, பிரிச்சு எடுத்து கரையில குழி தோண்டிப் பொதைச்சாரு. அந்த வலை தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது, பறவைக்கு எப்படித் தெரியும். மீனுக்கு மூச்சு இருக்கு, அதுக்கு இல்ல.

அப்புறம் தேடிப் படிச்சேன், உலகம் முழுக்க செவுள் வலையில மட்டும் வருசத்துக்கு குறைஞ்சது 4 லட்சம் பறவை சாகுதுன்னு 2013ல ஒரு கணக்குப் போட்டிருக்காங்க. அதுல கடல்ல முங்குற வாத்துங்களும் உண்டு. சுண்டிக்குளத்தான் அண்ணன் பாத்த அந்த நீட்டு வால் வாத்து, பால்டிக் கடல்ல 1990கள் ஆரம்பத்துல 40 லட்சத்துக்கு மேல இருந்துச்சு, 2007-09ல எண்ணும்போது 15 லட்சம்தான். வலை ஒரு காரணம், கப்பல் எண்ணெய் ஒரு காரணம். அது 60 மீட்டர் வரைக்கும் போற பறவை, வாத்துலயே அவ்வளவு ஆழம் போறது அதுதான். அவ்வளவு ஆழத்துலயும் வலை இருக்குது.

கீழத்தெரு_மல்லிகா:
படிச்சிட்டு மனசு கனத்துப் போச்சு. நம்ம நாட்டுக்கு இந்த முங்குற வாத்தெல்லாம் வருமா வராதா, அதையும் யாராவது சொல்லுங்க.

வடுவூர்_பைனா:
வரும்க்கா. டஃப்டட் டக், போச்சார்ட், வெள்ளைக் கண்ணு போச்சார்ட், செங்கொண்டை போச்சார்ட் எல்லாம் குளிர்காலத்துக்கு வடக்க வரும், ஒடிசாவுல சிலிகா ஏரி, ராஜஸ்தான்ல பரத்பூர், ஹிமாச்சல்ல பாங் அணை. தெக்க வர வர கொறைஞ்சி தமிழ்நாட்டுல எப்பவாவது ஒண்ணு ரெண்டு கண்ணுல படும். நம்ம ஏரிங்க பாதி இடுப்பளவு தண்ணி, கலங்கல் வேற, ஊசிவாலுக்கும் நீலச்சிறகிக்கும்தான் அது தோது, அதனாலதான் அதுங்க ஆயிரக்கணக்குல வருதுன்னு நான் நெனைக்கிறேன். பகல்ல போச்சார்ட் கூட்டம் தூங்கிட்டே கெடக்கும், ஒண்ணும் பண்ணலையேன்னு நெனச்சு வந்துராதீங்க, நெறைய எடத்துல அதுங்க ராத்திரிலதான் மேயும். கண்ணு தேவையில்ல, சேத்துக்குள்ள அலகாலயே துழாவும்.

போச்சார்ட்லயே பேயர்ஸ் போச்சார்ட்னு ஒண்ணு, ஒரு காலத்துல வடகிழக்கு இந்தியா பக்கமெல்லாம் குளிர்காலத்துக்கு வந்தது, இப்ப உலகத்துலயே ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம்.

ஏரிக்கரை_செல்வி:
மல்லிகா அக்காவுக்காக மடகாஸ்கர் போச்சார்ட் பத்தி சொல்லிடறேன். அலோத்ரா ஏரியில 1991ல கடைசியா ஒண்ணு பிடிபட்டுச்சு, அதோட அழிஞ்சு போச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. 2006ல வடக்கு மடகாஸ்கர்ல ஒரு எரிமலைக் குழி ஏரியில பருந்து தேடப் போனவங்க கண்ணுல தற்செயலா ஒரு சின்னக் கூட்டம் பட்டுச்சு. மொத்தமே இருபது சொச்சம். குஞ்சு பொரிக்குது, ஆனா ரெண்டு மூணு வாரத்துல கிட்டத்தட்ட அத்தனையும் செத்துப் போகுது. யாரும் வேட்டையாடல, வலையும் இல்ல. பாத்தா ஏரி ரொம்ப ஆழம், அடிக்குப் போய்ச் சேர குஞ்சுக்கு மூச்சு பத்தல, போய்ச் சேர்ந்தாலும் அங்க புழு பூச்சி கம்மி. பட்டினி. வேற எந்த ஏரியிலயும் இருக்க வழியில்லாம அங்க போய் ஒளிஞ்சிருந்த கூட்டம் அது.

2009ல முட்டை எடுத்து வளத்தாங்க, பெருகுச்சு, 2018 டிசம்பர்ல அதே மடகாஸ்கர்ல சோஃபியா ஏரியில 21 பறவையை விட்டாங்க. மிதக்கற கூண்டு கட்டி கொஞ்ச நாள் அதுக்குள்ள வச்சிருந்து, தண்ணி பழகினதுக்கப்புறம் தொறந்து விட்டாங்க. அடுத்த வருசமே அங்க குஞ்சு பொரிச்சுது.

கீழத்தெரு_மல்லிகா:
அந்தக் கடைசி வரியப் படிச்சதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

சுண்டிக்குளத்தான்:
நேற்று திரும்பப் போனனாங்கள். இந்தமுறை மகள் கைத்தொலைபேசியில ஸ்டாப்வாட்ச் போட்டுக்கொண்டு நிண்டவள், நான் கொப்பியில எழுதினனான். சின்னன், அதுதான் பஃபிள்ஹெட்: 11, 14, 12, 13, 9, 14 செக்கன். கோல்டன்ஐ: 22, 27, 24, 31. நீட்டு வால் ஒண்டு படகுத்துறைக்குக் கிட்ட வந்தது, 48, பேந்து 53. அது உள்ள போகேக்க செட்டையை அரைவாசி விரிச்சுக்கொண்டு போகுது, மற்ற ரெண்டும் மூடிக்கொண்டு போகுதுகள், இதை நான் என்ர கண்ணால பாத்தனான்.

கோபி தம்பி சொன்ன அந்தச் சுருங்கிறதையும் கண்டனாங்கள். மூண்டு நாலு தரம் பாத்த பிறகு மகள் "அப்பா இப்ப போகப் போகுது" எண்டு முன்னமே சொல்லத் தொடங்கிட்டாள். பிழைக்கேல்ல, சொன்னவுடன போச்சுது.

கோல்டன்ஐ ஒண்டு மேல வரேக்க அலகில சிப்பி ஒண்டு, வரியோட. ஒருக்கா தலையை உதறிப்போட்டு விழுங்கினது. கழுத்தில அது இறங்கிறது கூடத் தெரிஞ்சுது. வாற சனிக்கிழமை ஆஷ்பிரிட்ஜஸ் பே பக்கம் போகலாம் எண்டு இருக்கிறம், எண்ணிக்கை எழுதிக்கொண்டு வாறன்.